ஓவியர் டி பெவரேயும் தேசாதிபதி லோட்டனும்

கற்பிட்டி முதல் சிலாபம் வரை நீளும் புத்தளக் கரையோரம் நீர்ப்பறவைகளுக்குப் பேர்போன நிலம். புத்தளம் களப்பு, முந்தல் களப்பு, அவற்றைச் சூழ்ந்த உப்பளங்கள், கண்டற் காடுகள், உள்நாட்டுக் குளங்கள் ஆகிய யாவும் பல்வகைப் பறவைகளுக்கு உறைவிடமாகின்றன. சிலாபத்திற்கும் புத்தளத்திற்கும் இடைப்பட்ட ஆனைவிழுந்தான் குளத்தொகுதி 2001ஆம் ஆண்டு முதல் றாம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. இப்பகுதிகளிற் காணப்படும் பறவைகளுள் மஞ்சள் அலகும் வாற்புறத்தே இளஞ்சிவப்பு இறகும் கொண்ட நாரை ஒன்று. உடலை நீரினுள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் பாம்புபோல் வெளியே நீட்டி நீந்தும் பாம்புத்தாரா மற்றொன்று. வீட்டுத் தோட்டங்களில் இலைகளை நாரினால் இணைத்துத் தைத்துக் கூடுகட்டும் தையற்சிட்டு பிறிதொன்று.

இம்மூன்று பறவைகளும் விலங்கியல் நூல்களிற் பெறும் பெயர்களோடு ஓர் அறிஞரின் பெயரும் ஓர் ஆண்டும் சேர்த்தெழுதப்படுகின்றன. அவை 'பென்னன்ற், 1769' என்பன. வேல்சு நாட்டிற் பிறந்த தோமஸ் பென்னன்ற் ஒருபோதும் இலங்கைக்கு வந்தவரல்லர். அவ்வாறாயின் அவர் இப்பறவைகளை எவ்வாறு அறிந்தார்? இவ்வினாவிற்கு விடை தேடிச் செல்வோமாயின், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கொழும்புத் துறைமுக நகரில் வாழ்ந்த இருவரிடம் வந்து சேர்வோம். ஒருவர் சேகரிப்பாளர், ஒல்லாந்தத் தேசாதிபதி. மற்றவர் ஓவியர், இம்மண்ணிற் பிறந்தவர். அவ்விருவரிடையேயும் நிலவிய தொடர்பை ஆராய்ந்து, அதனை நட்பென்று கொள்ளலாமா, கொள்ளின் எத்தகைய நட்பென்று கொள்ளலாம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலமும் களமும்

யோன் கிதியோன் லோட்டன் 1710இல் ஒல்லாந்தின் உத்திரெக்ட் நகரை அடுத்த பகுதியிற் பிறந்தார். 1732இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியராகக் கீழைத்தேயம் போந்து, சாவகத்திலும் செலிபிஸ் தீவின் மக்காசர் நகரிலும் உயர் பதவிகள் வகித்தார். 1752 முதல் 1757 வரை இலங்கையின் தேசாதிபதியாகக் கொழும்பில் இருந்தார். அவர் ஆண்ட இலங்கை இன்றைய முழுத்தீவு அன்று. உள்நாடு நாயக்கர் மரபினனான கீர்த்தி சிறீ இராசசிங்கனின் கண்டியரசிற்கு உரியதாயிருந்தது. கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை கட்டிக் களப்பின் வாயிலைக் காவல் செய்தனர். ஆயினும் கரையோரம் முழுவதும் சட்டப்படி அவர் கைக்கு வந்தது 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னரேயாம். எனவே லோட்டன் காலத்திற் கொழும்பும் கற்பிட்டியும் யாழ்ப்பாணமும் கடல்வழியாற் பிணைக்கப்பட்ட கோட்டை நகரங்களாயின. அங்கே ஒல்லாந்தர், அவர்தம் கலப்பு மரபினர், சிங்களவர், தமிழர், முசுலிம்கள் ஆகியோர் அடுத்தடுத்து வாழ்ந்தனர்.

இத்தகைய கடற்கரைச் சமுதாயத்தில், 1722இல், ஐரோப்பிய மரபும் இலங்கை மரபும் கலந்த குடும்பத்திற் பிறந்தவர் பீற்றர் கோர்னேலிஸ் டி பெவரே. கம்பனியின் நில அளவைப் பகுதியிற் பணிபுரிந்தவர். நில அளவையாளருக்குக் கைத்திறன் இன்றியமையாதது. ஆற்றின் வளைவையும் வயலின் எல்லையையும் அளவு பிறழாமல் தாளில் இடவும், அதற்கு வண்ணம் பூசவும் அவர்கள் பயிற்சி பெற்றனர். அப்பயிற்சியே பின்னர்ப் பறவையின் இறகையும் அலகையும் பிறழாமல் எழுத டி பெவரேக்கு உதவியதெனக் கொள்ளுதல் பொருந்தும்.

லோட்டன் ஆட்சிக்கடமைகளுக்கிடையே இயற்கைப் பொருள்களில் நீங்கா ஈடுபாடு கொண்டவர். கீழைத்தேய விலங்கு, புள், செடி ஆகியவற்றின் வடிவங்களை வண்ணப் படங்களாகத் தொகுத்தல் அவருடைய வாழ்நாள் வேட்கையாயிற்று. கொழும்பில் அவருக்கு வாய்த்த ஓவியர் டி பெவரே. தேசாதிபதி பறவைகளைத் தருவிப்பார். ஓவியர் அவற்றை நீர்வண்ணத்தில் எழுதுவார். தேசாதிபதி தம் குறிப்புகளைச் சேர்ப்பார். 1755இல் லோட்டனின் மனைவி கொழும்பிற் காலமானார். அத்துயரின் பின்னும் தொகுப்புப் பணி தடைப்படவில்லை. 1757 மார்ச்சில், வொல்வெண்டால் தேவாலயம் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்ட சின்னாள்களில், லோட்டன் இலங்கையை விட்டு நீங்கினார். அவரோடு படத்தொகுதியும் கடல் கடந்தது.

ஓவியம் சான்றாதல்

இன்றைய வாசகருக்கு ஓர் ஐயம் எழலாம். பறவையின் உடலையே பதப்படுத்தி அனுப்பலாமே, படம் எதற்கு? அக்காலத்து நிலையை அறிந்தால் இவ்வையம் நீங்கும். பறவைத் தோலைப் பூச்சிகள் அரிக்காமற் காக்கும் பாடாணச் சவர்க்காரத்தின் செய்முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பரவலாக அறியப்பட்டது. அதற்கு முன்னர் வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளிலிருந்து அனுப்பப்பட்ட உடல்கள் பல வழியிலேயே அழிந்தன. சாராயத்தில் இட்டவை நிறமிழந்தன. தோல் காக்கப்பட்டவிடத்தும் கண்ணின் நிறம், அலகின் நிறம், காலின் நிறம், முகத்தே இறகற்ற தோலின் நிறம் என்பன உயிர் நீங்கிய சில மணி நேரத்தில் மங்கத் தொடங்கும். நாரையின் அலகு மஞ்சளென்றும் முகத்தோல் செம்மஞ்சளென்றும் ஐரோப்பாவிலிருந்த ஒருவர் அறிவதற்கு, புதிதாய்ப் பிடிபட்ட பறவையைக் கண்முன் வைத்து எழுதிய ஓவியரின் கையே வழியாயிற்று.

ஆகவே டி பெவரேயின் படங்களை வெறும் அழகுப் பொருள்களாகக் கருதுதல் தவறு. அவை சான்றுகள். ஓவியர் ஓர் இறகின் நிறத்தைப் பிழையாக இட்டிருப்பின், கடல்கடந்த அறிஞர் இரு வேறு இனங்களை ஒன்றெனவும், ஓரினத்தை இரண்டெனவும் மயங்க நேர்ந்திருக்கும். தேன்சிட்டுகளையே எடுத்துக்கொள்வோம். நம் தோட்டங்களில் ஊதாத் தேன்சிட்டும், அதனைப் பெரிதும் ஒத்த நீண்ட அலகுடைய தேன்சிட்டும் உள்ளன. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இரண்டும் கருநிறமாகவே தோன்றும். நீண்டு அரிவாள் போல் வளைந்த அலகு, பழுப்பு வயிறு, மார்பின் குறுக்கே ஓடும் கருஞ்செம்பட்டை ஆகியவற்றை நுணுகிக் காண்பவரே பின்னதைப் பிரித்தறிவர். இந்த இரண்டாவது தேன்சிட்டிற்கே லின்னேயஸ் 1766இல் லோட்டனின் பெயரைச் சூட்டினார். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பறந்து திரியும் அச்சிறு பறவை இன்றளவும் 'லோட்டன் தேன்சிட்டு' எனப்படுகின்றது.

கைம்மாறிய படங்கள்

தாயகம் திரும்பிய லோட்டன் 1759 முதல் இங்கிலாந்தில் வாழத் தொடங்கி, அங்கே அரச கழகத்தின் உறுப்பினருமானார். இயற்கை அறிஞர் பலர் அவருடைய தொகுதியைக் கண்டு வியந்தனர். அவருள் இளைஞரான யோசேப் பாங்ஸ் குறிப்பிடத்தக்கவர். பாங்ஸ் தமக்காக இப்படங்களைப் பார்த்தெழுதும் பணியை சிட்னி பாக்கின்சன் என்னும் ஓவியரிடம் ஒப்படைத்தார். அந்தப் பாக்கின்சனே 1768இற் குக் தளபதியின் 'எண்டெவர்' கப்பலில் உடன்சென்று, வழியில் 1771இல் உயிர்துறந்தவர்.

1769இல் தோமஸ் பென்னன்ற் 'இந்திய விலங்கியல்' என்னும் நூலை வெளியிட்டார். லோட்டனின் படத்தொகுதியே அந்நூலின் அடிப்படையாயிற்று. பீற்றர் மசெல் என்பவர் செப்புத்தகடுகளைச் செதுக்கினார். அந்நூல் இடையிலே நின்றுபோக, தகடுகள் யோகான் றைன்ஹோல்ட் போர்ஸ்டரிடம் சேர்ந்தன. அவர் 1781இல் ஜேர்மனியின் ஹாலே நகரில் அவற்றை விரிவாக வெளியிட்டார். பீற்றர் பிரவுண் என்னும் ஓவியரும் 1776இல் தாம் வெளியிட்ட விலங்கியற் படநூலில் லோட்டனின் தொகுதியைப் பயன்படுத்திக்கொண்டார்.

1769ஆம் ஆண்டு நூலின் வழியே அறிவியலுலகு அறிந்துகொண்ட உயிர்களின் வரிசையை நோக்குவோமாயின் வியப்பு மேலிடுகின்றது. நாரை, பாம்புத்தாரா, தையற்சிட்டு என்பவற்றை மேலே சுட்டினோம். இலங்கைக்கே உரிய செம்முகக் குயிலினம் ஒன்றும், மலபார்த் தீக்காக்கை எனத் தமிழகத்தில் வழங்கும் செம்மார்புப் பறவையும், சிறு காதாந்தை ஒன்றும் அந்நூலில் இடம்பெற்றன. சாம்பல்நிற மலை அணிலும் அவ்வாறே. இவ்வணிலின் பொருட்டுத் தமிழகத்தின் திருவில்லிபுத்தூரில் 1988இல் ஒரு சரணாலயமே அமைக்கப்பட்டது. அங்குப் பாதுகாக்கப்படும் விலங்கின் அறிவியற் பெயர் இலங்கையிலிருந்து சென்ற படமொன்றோடு பிணைந்தது என்பதைத் தமிழர் பலர் அறியார்.

மேற்கூறிய காதாந்தையின் பெயர் ஈண்டு தனித்து நோக்கத்தக்கது. அதன் அறிவியற் பெயரின் இரண்டாஞ் சொல் 'பக்கமூனா' என்பது. சிங்களத்தில் ஆந்தையைக் குறிக்கும் பகமூணா என்ற சொல்லே சிறிது திரிந்து அவ்வாறாயிற்று. செம்முகக் குயிலைக் குறிக்கும் மல்கொஹா என்ற சிங்களச் சொல்லும் ஆங்கிலத்திற் புகுந்து, இன்று ஆசிய நாடுகளில் வாழும் பல பறவைகளுக்குப் பொதுப்பெயராய் வழங்குகின்றது. உள்ளூரில் யாரோ ஒருவர் பறவையைச் சுட்டிப் பெயர் சொல்லியிருக்கின்றார்; அப்பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றது; படத்தோடு அதுவும் கப்பலேறியிருக்கின்றது. இவ்வாறு உள்ளூர்ச் சொல் நிலைபெற்றது. பறவையை எழுதியவரின் பெயரோ அறிவியற் பெயர்களுள் ஒன்றிலேனும் இடம்பெறவில்லை. லின்னேயஸ் லோட்டனுக்கு ஒரு பறவையை அளித்தார். பென்னன்றும் போர்ஸ்டரும் பெயரிட்டவர் என்ற உரிமையைப் பெற்றனர். டி பெவரேக்கு எதுவும் கிட்டவில்லை.

நட்பின் இலக்கணமும் இத்தொடர்பும்

தமிழர் நட்பைப் பற்றி ஆழச் சிந்தித்தவர்கள். வள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு எனப் பல அதிகாரங்களை வகுத்தார். சங்க இலக்கியம் புரவலர்க்கும் புலவர்க்கும் இடையே நிலவிய நட்புகளைப் போற்றுகின்றது. பாரியும் கபிலரும், அதியமானும் ஒளவையும், கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் அவருட் சிறந்தோர். இவ்விணைகளை உற்றுநோக்கின் ஓர் உண்மை புலனாகும். புரவலனது பெயரைக் காத்தவர் புலவர். பறம்பு மலையின் சிறு தலைவனாகிய பாரியை நாம் இன்றும் அறிவது பெரிதும் கபிலரின் பாடல்களாலன்றோ? சொல்லைக் கருவியாகக் கொண்ட கலைஞன் தன் பெயரையும் தன்னை ஆதரித்தவன் பெயரையும் ஒருங்கே நிலைநிறுத்த வல்லவனாகின்றான்.

ஓவியன் நிலை வேறு. அவனுடைய படைப்பு அவனைப் பற்றிப் பேசுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவரில் எழுதப்பெற்ற சோழர்கால ஓவியங்களைக் காண்கின்றோம், கட்டுவித்த மன்னனை அறிகின்றோம், எழுதியோரை அறியோம். சத்திமுத்தப் புலவர் ஒரு நாரையைத் தூது விட்டுத் தம் பெயரையும் வறுமையையும் ஒருசேர நமக்கு விட்டுச் சென்றார். டி பெவரே எழுதிய நாரை அவரைப் பற்றி ஒன்றும் கூறாது. ஓவியனின் பெயர் நிலைக்க வேண்டுமாயின், அதனைப் பிறனொருவன் எழுதி வைத்தல் வேண்டும். அக்கடமை, படத்தைக் கையில் வைத்திருக்கும் சேகரிப்பாளனையே முதலிற் சார்கின்றது.

இவ்வளவுகோலால் லோட்டனை அளந்து பார்ப்போம். டி பெவரே பற்றி நாம் இன்று அறிவனவற்றுள் இன்றியமையாத பகுதி லோட்டன் எழுதிய குறிப்புகளால் வந்தது. ஓவியரின் பெயரையும் குடிவழியையும் அவர் குறித்து வைத்தார். ஏவல் செய்த ஓர் ஊழியனின் பெயரைக் குறிக்க வேண்டிய கட்டாயம் தேசாதிபதி ஒருவருக்கு இல்லை. பலர் குறிக்கவுமில்லை. எனவே அவ்வெழுத்தில் மதிப்பும் நன்றியும் கலந்துள்ளன என்பதை மறுத்தல் இயலாது. மறுபுறம், அக்குறிப்புகள் தனித்தாள்களிலேயே தங்கின. உலகம் படித்த அச்சு நூல்களில் முன்னிலை பெற்றது தொகுப்பாளரின் பெயரே. ஆண்டானும் அடியானும் என்ற நிலையிலே தொடங்கிய தொடர்பு, பறவைகளை முன்னிட்டு ஒருவகை நட்பாகக் கனிந்ததென்றும், ஆயின் அந்நட்பு பொதுவுலகின் முன் நண்பனுக்குரிய இடத்தைக் கேட்டுப் பெறும் அளவிற்கு வளரவில்லையென்றும் கூறுவதே நடுநிலையாகும்.

இது காலத்தின் குறையன்றி லோட்டனின் குறையன்று எனச் சிலர் கூறலாம். இக்கூற்று ஓரளவே பொருந்தும். ஏறத்தாழ இருபதாண்டுகளின் பின், 1777 முதல் கல்கத்தாவில் இம்பே சீமாட்டி பறவைப் படங்களை எழுதுவித்தபோது, சேக் செயினுத்தீன், பவானிதாஸ், இராமதாஸ் ஆகிய ஓவியர்களின் பெயர்கள் படங்களின் மீதே பொறிக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் தாவர ஆராய்ச்சி நிகழ்த்திய றொபேட் வைற், தமக்காக எழுதிய இறங்கையா, கோவிந்து என்னும் ஓவியர்களின் உழைப்பை நூலில் வெளிப்படையாகப் பாராட்டியதோடு, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பூச்செடிப் பேரினத்திற்குக் கோவிந்துவின் பெயரையே இட்டார். பிற்கால ஆய்வாளர் அப்பேரினத்தை வேறொன்றோடு இணைத்துவிட்டனராயினும், அச்செயலின் பெருமை குன்றாது. ஆகவே அக்காலத்து அமைப்பினுள்ளும் மனமிருந்தோர்க்கு வழியிருந்தது.

நம் காலத்தை அடுத்து நோக்கின், கொழும்பிலேயே இதற்கு மாறான காட்சி ஒன்று தோன்றுகின்றது. ஒளிப்படக் கலைஞரும் இசைவல்லுநருமான லயனல் வென்ற், கண்டியிற் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் ஆற்றலை இளமையிலேயே உணர்ந்து, அவர் ஓவியங்களைப் பற்றி எழுதியும் பேசியும் உலகறியச் செய்தார். 1943இல் வென்றின் இல்லத்திலே '43 குழு' தோன்றியது. அவர் 1944இல் மறைந்தார். அவர் நினைவாக எழுந்த கலைக்கூடம் திறக்கப்பட்டபோது, அங்கு வைக்கப்பட்டவை கீற்றின் ஓவியங்களே. இங்கு ஆதரித்தவரின் பெயர் கட்டடத்திலும், ஓவியரின் பெயர் சுவரிலும் ஒன்றையொன்று மறைக்காமல் நின்றன. நிகரானவரிடையே அரும்பிய நட்பிற்கும், அதிகாரத்தின் நிழலில் வளர்ந்த நட்பிற்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

நாம் செய்யத்தக்கது

டி பெவரேயின் பெயர் முற்றாக மறையவில்லை. 1907இல் டொனால்ட் பேர்குசன் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் லோட்டனையும் டி பெவரேயையும் இணைத்துக் கட்டுரை வரைந்தார். 2010இல் லோட்டனின் விரிவான வாழ்க்கை வரலாறு நூலாக வெளிவந்தது. ஓவியங்கள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற் பேணப்படுகின்றன. எனினும் தமிழிற் பறவைகளைப் பற்றி எழுதுவோர் அவர் பெயரைச் சுட்டுதல் அரிது. தையற்சிட்டைப் பற்றியோ மலை அணிலைப் பற்றியோ நம் பாடநூல்களில் எழுதுமிடத்து, பென்னன்றின் பெயரோடு கொழும்பு ஓவியரின் பெயரையும் ஒரு வரியிற் குறித்தல் எளிய செயலே.

இதனினும் முதன்மையான கடமை ஒன்றுண்டு. புத்தளக் கரையோரத்தில் உடப்பு, கற்பிட்டி, சிலாபம் ஆகிய இடங்களின் மீனவரும் உப்பளத் தொழிலாளரும் பறவைகளையும் மீன்களையும் தமக்கேயுரிய பெயர்களால் அழைக்கின்றனர். காற்று மாறுவதையும் மீன் வருவதையும் பறவைகளைக் கொண்டு உணரும் அறிவு அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக வந்தது. கற்றோர் அங்குச் சென்று சொற்களைத் தொகுத்து வருதல் வரவேற்கத்தக்கது. ஆனால் தொகுப்பவரின் பெயர் அட்டையில் அமைய, சொன்னவரின் பெயர் எங்கும் இல்லாதொழிதல் லோட்டன் காலத்துக் குறையை மீண்டும் செய்வதாகும். ஒவ்வொரு சொல்லுக்கும், ஒவ்வொரு படத்திற்கும், அதனைத் தந்தவர் இன்னார், இன்ன ஊரினர் என்பதை, அவர் இசைவு பெற்று, அவ்விடத்திலேயே பதிவு செய்தல் வேண்டும்.

இதற்கு முன்மாதிரியை நாம் வெளியே தேட வேண்டுவதில்லை. 1807இல் இதே கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் தொகுத்து விவரநூல் ஒன்றை ஆக்கினார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துத் 'தமிழ் புளூட்டாக்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். பிறர் மறந்திருக்கக்கூடிய புலவர் பலரின் பெயர்கள் அவருடைய முயற்சியால் நூலேறின. அவரும் ஒரு சேகரிப்பாளரே. அவர் சேகரித்தவை பெயர்கள். டி பெவரேயின் படங்களைக் காத்த கைகளுக்கு இல்லாதுபோன கவனம் இக்கடற்கரையிற் பிறந்த ஒருவரிடம் நிறைந்திருந்தது. அக்கவனத்தை நம் ஆய்வு முறையின் ஒரு பகுதியாகக் கொள்வோமாயின், இனிவரும் தொகுப்புகளிற் கலைஞரும் சேகரிப்பாளரும் ஒரே ஏட்டில், ஒரே அளவு எழுத்தில் இடம்பெறுவர்.